பிடித்த பள்ளியை முதலில் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் போன ஞாயிறு இதழில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். வாஷிங்டன் டி.சி.யில் மூன்று வயதுப் பிள்ளைக்கே அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்க வழி இருக்கிறது, அதற்குக் குலுக்கல் நடக்கிறது என்று எழுதியிருந்தது எல்லாம் சரிதான், படிக்க நன்றாகவும் இருந்தது. ஆனால் ஓரத்தில் பெட்டி கட்டி ஓர் ஆலோசனை போட்டிருந்தீர்களே, கிராக்கி உள்ள பள்ளியை முதலில் எழுதி முதல் இடத்தை வீணாக்க வேண்டாம், கிடைக்க வாய்ப்புள்ள பள்ளியை முதலில் எழுதுங்கள் என்று, அது தவறு. ஞாயிறு சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டியைப் படம் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் போட்டுவிட்டார்கள். இரண்டு பேர் போட்ட விண்ணப்பத்தைத் திறந்து வரிசையை மாற்றியும் விட்டார்கள். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் இந்த ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்தக் குலுக்கலில் விண்ணப்பம் போட்டவள். மூத்தவளுக்குப் போட்டபோது உங்கள் பெட்டியில் உள்ள அதே தவறைத்தான் நாங்களும் செய்தோம்.

அப்போது அவளுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. டே கேருக்கு மாதம் 2,000 டாலருக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தோம். செப்டம்பர் 30-க்குள் மூன்று வயது முடிந்தால் பி.கே. 3 (ப்ரீ கிண்டர்கார்டன், மூன்று வயதுப் பிள்ளைகளுக்கானது; நான்கு வயதுக்குப் பி.கே. 4) வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒரு பள்ளியைப் போய்ப் பார்த்தோம், ஸ்பானிஷும் ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி. வகுப்பறையில் என் முழங்கால் உயரத்துக்கு ஒரு கைகழுவும் தொட்டி, பக்கத்தில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு குழந்தையின் புகைப்படம், அதில் மாட்டிய குட்டி மழைக்கோட்டுகள். மகள் நேராகப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவிவிட்டு, காலியாக இருந்த ஒரு கொக்கியைக் காட்டி "இது எனக்கா?" என்று கேட்டாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் அந்தப் பள்ளிதான் பிடித்தது.

ஆனால் அதற்குப் போட்டி அதிகம் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை பேசி, கடைசியில் பயந்துபோய் எங்கள் வட்டாரப் பள்ளியை முதலிலும் பிடித்த பள்ளியை மூன்றாவதாகவும் எழுதினோம். மார்ச் கடைசியில் முடிவு வந்தது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டது. வீட்டில் கேசரி கிண்டினேன்.

நாங்கள் என்ன செய்திருக்கிறோம் என்பது மே மாதம்தான் புரிந்தது. உங்களுக்கு ஒரு பள்ளி கிடைத்தால், அதற்கு மேலே எழுதிய பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் மட்டும்தான் பிள்ளையின் பெயர் இருக்கும். கீழே எழுதிய பள்ளிகளில் இருக்காது, அதை விட இதுதான் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்களே. முதல் விருப்பம் கிடைத்தவருக்குக் காத்திருப்புப் பட்டியலே கிடையாது. அதே டே கேரில் இருந்த இன்னொரு குழந்தை எங்களுக்குப் பிடித்த பள்ளியில் 31-ஆவது இடத்தில் காத்திருந்தது. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் அவர்களைக் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். நாங்கள் குலுக்கலுக்குப் பிந்தைய விண்ணப்பம் போட்டுப் பார்த்தோம், அப்படிப் போடுபவர்களை வரிசையின் கடைசியில்தான் சேர்ப்பார்கள், எண் 140-ஐத் தாண்டி வந்தது. உண்மையான வரிசையில் எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வாசலில் போய் நிற்கக்கூட இல்லையே என்பது இன்றும் மனதில் இருக்கிறது.

இனி அந்தக் குலுக்கல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், உங்கள் பெட்டியில் பிசகியது அங்கேதான். மை ஸ்கூல் டி.சி. என்ற பொதுக் குலுக்கல் 2014-இல் தொடங்கியது. நகரத்தின் அரசுப் பள்ளிகளும் பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளும் இதில் ஒன்றாக இருக்கின்றன (சார்ட்டர் என்றால் அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துவது, கட்டணம் கிடையாது). ஒரே விண்ணப்பம், 12 பள்ளிகள் வரை வரிசைப்படுத்தி எழுதலாம். டிசம்பரில் திறக்கும், இந்தச் சின்ன வகுப்புகளுக்கு மார்ச் தொடக்கத்தில் மூடும். கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுக்கும், யாருக்கு எந்த எண் என்பது முழுக்க அதிர்ஷ்டம். அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, வீடு அந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறதா என்பது போன்ற முன்னுரிமைகளை முதலில் பார்ப்பார்கள், ஒரே முன்னுரிமை உள்ளவர்களுக்குள் எண்தான் தீர்மானிக்கும்.

இப்போது முக்கியமான இடம். உங்கள் குழந்தையின் எண் 40, பக்கத்து வீட்டுக் குழந்தையின் எண் 300, இருவருக்கும் ஒரே முன்னுரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிராக்கியான பள்ளியை முதலிலும் சாதாரணப் பள்ளியை இரண்டாவதாகவும் எழுதுகிறீர்கள். அவர்கள் அந்தச் சாதாரணப் பள்ளியையே முதலில் எழுதிவிட்டார்கள். கிராக்கியான பள்ளி 40 வருவதற்கு முன்பே நிரம்பிவிட்டது. உங்கள் குழந்தையைக் கணினி இரண்டாவது பள்ளிக்குக் கொண்டுபோகிறது. அங்கே கடைசி இடத்தில் 300 உட்கார்ந்திருந்தாலும், அது தற்காலிகமாக உட்கார்ந்த இடம்தான், 40 வந்ததும் 300 எழுந்து தன் அடுத்த விருப்பத்துக்குப் போக வேண்டும். நாங்கள் முதலில் எழுதினோமே என்று சொல்லிப் பயனில்லை, யார் எத்தனையாவதாக எழுதினார்கள் என்று அந்தப் பள்ளியின் கணக்கில் பார்ப்பதே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இப்படி நகர்ந்து முடித்த பிறகுதான் இடங்கள் உறுதியாகும். அப்படியிருக்க முதல் இடத்தில் கனவுப் பள்ளியை எழுதியதால் நீங்கள் என்ன இழந்தீர்கள்? எதுவும் இல்லை. அது கிடைக்காவிட்டால், அதை எழுதாமலே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பீர்களோ அங்கேயேதான் நிற்கிறீர்கள்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 2018-இல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறியதிலிருந்து வீட்டிலிருந்தே சாய்ஸ் ஃபில்லிங் செய்கிறோம், வேண்டிய கல்லூரியை மேலே போடு, கட் ஆஃப் எட்டாது என்று நீயாகவே தள்ளாதே என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதே புத்திதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், அங்கே மதிப்பெண்தான் தரவரிசை, எல்லாம் சமமாகிவிட்டால் மட்டும் கடைசியில் ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன மதிப்பெண் போடுவது? அதனால் இங்கே ரேண்டம் எண்தான் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது. அங்கே கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது போல, இங்கேயும் கிடைத்த பள்ளியில் சேர்த்துவிட்டு மேலே எழுதிய பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் தொடரலாம். சேர்த்துவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும் என்று பயந்து, சேர்வதற்கான மே மாதக் கெடுவைத் தவறவிட்டு, கையில் இருந்த இடத்தையும் இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பெட்டியை எழுதியவர் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டார். அந்த ஆலோசனை ஒரு காலத்தில், ஓர் ஊரில் சரியாக இருந்தது. பாஸ்டன் நகரத்தில் 2005 வரை வேறு முறை. முதல் விருப்பமாக எழுதியவர்களை எல்லாம் முதலில் நிரப்பிவிடுவார்கள், மிச்சம் இருந்தால்தான் இரண்டாவதாக எழுதியவர்களைப் பார்ப்பார்கள். அந்த ஊரில் கிராக்கியான பள்ளியை முதலில் எழுதித் தோற்றால், இரண்டாவதாக எழுதிய பள்ளியும் அதற்குள் நிரம்பியிருக்கும், முதல் இடம் உண்மையிலேயே வீணாகும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, கணக்குப் போட்டு எழுதினார்கள், ஒன்றும் தெரியாமல் மனதில் பட்டதை எழுதியவர்களின் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து எடுத்துச் சொல்ல, 2005-இல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டது. இப்போது பல நகரங்களில் உள்ள முறைக்கு அடிப்படை கேல், ஷேப்லி என்ற இருவர் 1962-இல் எழுதிய ஒரு கட்டுரை. அவர்களில் ஷேப்லிக்கும், அதைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கொண்டுவந்ததில் பெரும் பங்குள்ள ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. தந்திரம் தெரியாத பெற்றோரும் உண்மையான விருப்பத்தை எழுதினால் போதும் என்று ஆக்குவதற்காகவே இந்த முறையைக் கொண்டுவந்திருக்க, அதற்குள் மறுபடியும் தந்திரத்தை நுழைப்பது எவ்வளவு அநியாயம்!

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நம் ஊரில் எல்.கே.ஜி. விண்ணப்பம் வாங்க இரவே போய்ப் பள்ளி கேட்டில் நின்ற அனுபவம் ரத்தத்தில் ஊறிவிட்டது, அதனால் இங்கேயும் இணையதளம் திறந்த முதல் நாளே எழுந்து உட்கார்ந்து போட்டுவிடுகிறார்கள். முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் ஒன்றுதான். கெடு தாண்டினால் மட்டும்தான் ஆபத்து. முதல் நாளே போட்டுவிட்டு ஒரு பள்ளியைக்கூட நேரில் பார்க்காமல் இருப்பதைவிட, ஜனவரி முழுக்க நான்கைந்து பள்ளிகளைப் போய்ப் பார்த்துவிட்டு நிதானமாக எழுதலாம்.

சரி, அப்படியென்றால் வரிசையில் யோசிக்க ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது, ஆனால் அது வேறு யோசனை. 12 இடங்கள்தான் இருக்கின்றன. பன்னிரண்டையும் ஊரே மோதும் பள்ளிகளாக நிரப்பினால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். அதனால் வரிசையின் கீழ்ப்பகுதியில், கிடைக்க ஓரளவு வாய்ப்புள்ள, கிடைத்தால் மனதாரச் சேர்க்கக்கூடிய ஒன்றிரண்டு பள்ளிகளைக் கட்டாயம் வையுங்கள். மேலே வேண்டாம், கீழே வையுங்கள். அதே மாதிரி, கிடைத்தாலும் போகமாட்டோம் என்று தெரிந்த பள்ளியை இடத்தை நிரப்புவதற்காக எழுதாதீர்கள். அது கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதிய பள்ளிகள் எல்லாம் கைவிட்டுப் போய்விடும்.

தூரம் இன்னொன்று. இந்த நகரத்தில் சாதாரணப் பிள்ளைகளுக்கு மஞ்சள் பள்ளிப் பேருந்து கிடையாது, சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குத்தான் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையை நாம்தான் கொண்டுபோய் விட வேண்டும். எக்செல் ஷீட்டில் ஆறு கிலோமீட்டர் என்பது ஒரு எண். ஜனவரி மாதக் காலை ஏழே காலுக்கு, ஒரு கையில் மடக்கிய ஸ்ட்ரோலர், மறு கையில் கையுறை போட மறுத்து அழும் பிள்ளை, ஒரு பேருந்தில் இறங்கி அடுத்த பேருந்துக்கு நிற்கும்போதுதான் அந்த ஆறு கிலோமீட்டரின் அர்த்தம் தெரியும். அதனால் பள்ளியைப் பார்க்கப் போகும்போது காரில் போகாதீர்கள், தினமும் எப்படிப் போவீர்களோ அப்படி ஒரு தடவை, அதே நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு மூன்றாவது பள்ளியைப் பத்தாவதாக மாற்றியது.

வீடு பக்கத்தில் இருக்கிறதே, நம் எல்லைப் பள்ளி எப்படியும் கிடைக்கும் என்றும் இருந்துவிடக் கூடாது. கிண்டர்கார்டனிலிருந்துதான் (இங்கே அது ஐந்து வயது வகுப்பு) எல்லைக்குள் உள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் உரிமை. பி.கே. 3, பி.கே. 4 இரண்டுக்கும், எல்லைக்குள் இருந்தாலும் குலுக்கலில் விண்ணப்பிக்க வேண்டும். கெடுவுக்குள் போட்டால் எல்லைப் பிள்ளைகளுக்கு உறுதியாக இடம் தரும் பள்ளிகள் சில இருக்கின்றன, உங்களுடையது அதில் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகரத்தின் வடமேற்கு மூலையில் பல ஆரம்பப் பள்ளிகளில் மூன்று வயது வகுப்பே கிடையாது, நான்கு வயதில்தான் தொடங்கும். அங்கே வீடு எடுக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

இவ்வளவு தவிப்பு ஏன், மூன்று வயதுதானே, விளையாடப் போகிற இடம்தானே என்று ஊரிலிருந்து என் மாமியார் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பி.கே. 3-இல் கிடைத்த இடம் அப்படியே மேலே தொடரும், வருடா வருடம் குலுக்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் எல்லைக்கு வெளியே இருந்து சேர்ந்த பிள்ளைக்கும், அந்த ஆரம்பப் பள்ளி எந்த நடுநிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறதோ அங்கே போக உரிமை உண்டு. பின்னால் பிறக்கும் தம்பி தங்கைக்கு முன்னுரிமையும் இதிலிருந்துதான் வருகிறது. அதனால் பெற்றோர் பதறுவதை நான் குறை சொல்லவே மாட்டேன். பதற்றத்தில் இருப்பவரிடம் தவறான வழியைக் காட்டுவதுதான் வருத்தம்.

கணினிக்குள் நடக்கும் குலுக்கலை எப்படி நம்புவது என்றும் சிலர் குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பம் அதிகமானால் பெற்றோர் முன்னிலையில் குலுக்கி எடுப்பார்கள், கண்ணால் பார்க்கலாம். இங்கே பார்க்க முடியாது. இந்த ஊரிலும் நம்பிக்கை உடைந்த கதை உண்டு. நகரத்தின் பள்ளித் துறைத் தலைவராக இருந்த ஆன்ட்வான் வில்சன் தன் மகளை, 600-க்கும் மேற்பட்டவர்கள் காத்திருந்த உயர்நிலைப் பள்ளி ஒன்றில் குலுக்கலைத் தாண்டிச் சேர்த்தது வெளியே வந்து, 2018 பிப்ரவரியில் பதவி விலகினார். அவருக்கு முன்பு இருந்த தலைவரும் வேண்டியவர்கள் சிலருக்கு இப்படி வழிவிட்டதாக 2017-இல் நகரத்தின் தலைமை ஆய்வாளர் கண்டறிந்தார். ஆனால் கவனியுங்கள், இரண்டிலும் கணக்கு பிசகவில்லை, கணக்கைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அதையும் பிடித்தார்கள். அதற்காக நாம் நம் வரிசையைத் தலைகீழாக எழுதினால் யாருக்கு என்ன லாபம்?

எனக்கும் கோபம் இருக்கிறது. நல்ல பள்ளிகளில் இடம் போதவில்லை என்பதுதான் அந்தக் கோபம். எவ்வளவு நேர்மையான குலுக்கலும் ஒரு நாற்காலியைக்கூடக் கூட்டித் தராது. 2008-இல் சட்டம் போட்டு மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கல்வி என்று இந்த நகரம் எடுத்த முடிவால்தான் எங்கள் வீட்டுக்கு மாதம் 2,000 டாலர் மிச்சமானது, அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் எந்த வட்டாரத்தில் பிறந்தாலும் பக்கத்துப் பள்ளியையே நம்பி முதலில் எழுதலாம் என்ற நிலை வரவில்லையே. அதைப் பற்றி உங்கள் நிருபர் ஒரு பக்கம் எழுதினால் நானே நூறு பேருக்கு அனுப்புவேன்.

இளையவனுக்குப் போன வருடம் போட்டோம். அவனுக்கு அக்கா படிக்கும் அதே வட்டாரப் பள்ளியைத்தான் முதலில் எழுதினோம், ஆனால் இந்த முறை பயந்து எழுதவில்லை. இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளியும் டீச்சர்களும் எங்களுக்குப் பழகிவிட்டார்கள், இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாசலில் விடுவது எவ்வளவு நிம்மதி என்றும் தெரிந்துவிட்டது. உடன்பிறந்தோர் முன்னுரிமையில் இடமும் கிடைத்தது.

விண்ணப்பத்தில் வரிசையை மார்ச் கெடு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், போன ஞாயிறு உங்கள் பெட்டியைப் பார்த்து மாற்றியவர்கள் இன்னும் திருப்பி மாற்ற முடியும். அதனால் திருத்தத்தை எங்கோ ஒரு மூலையில் போடாமல், அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு பெட்டியில், பிப்ரவரி முடிவதற்குள் போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட முடியும் என்றால் 40, 300 உதாரணம் வரும் பத்தியை மட்டும் வெட்டாமல் போட்டால் போதும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
வாஷிங்டன் டி.சி.